ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புக்கு ஆசிரியராக வேண்டும்: பட்டயமா, பி.எட்.டா?

இளவேனில்:

எல்லோருக்கும் வணக்கம். இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்திருக்கிறேன், அறிவியல் பிரிவு. எனக்குச் சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தத்தான் ஆசை. ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு. வீட்டில் சொன்னால், "டிகிரி முடித்துவிட்டு பி.எட். படி, அப்புறம் எந்த வகுப்புக்கு வேண்டுமானாலும் போகலாம்" என்கிறார்கள். தொடக்கக் கல்விப் பட்டயம் என்று வாயெடுத்தாலே, "அது வெறும் டிப்ளமோ" என்று பேச்சை முடித்துவிடுகிறார் சித்தப்பா. நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பு என்று இன்னொன்றும் இருக்கிறதாம். தமிழ்நாட்டில் எந்தப் படிப்பு எந்த வகுப்புக்கு என்று தெளிவாகச் சொல்லுங்களேன். பட்டம் வாங்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு உண்டு.

வழிப்போக்கன்:

சித்தப்பா சொல்வதுதான் சரி. பி.எட். இருந்தால் பத்தாம் வகுப்பு வரை போகலாம், முதுகலையும் சேர்த்தால் மேல்நிலை வகுப்புகளுக்கும் போகலாம். தொடக்கப் பள்ளிக்கும் பி.எட். செல்லும் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2018-லேயே அறிவித்துவிட்டது. பிறகு எதற்குப் பட்டயம்?

சாக்பீஸ் டீச்சர்:

வழிப்போக்கன் ஐயா, அது பழைய கதை. 2018 அறிவிக்கை வந்தது உண்மை. பி.எட். முடித்தவர்கள் தொடக்கப் பள்ளியில் சேரலாம், சேர்ந்தபின் ஆறு மாத இணைப்புப் பயிற்சி எடுத்தால் போதும் என்றார்கள். 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. வழக்கு ராஜஸ்தானில் கிளம்பியது, தீர்ப்பு எல்லோருக்கும்தான். அந்தத் தேதிக்கு முன்பே பணியில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் சில நிபந்தனைகளோடு விலக்கு கிடைத்தது. இனிமேல் படிக்கப்போகிறவர்களுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. இது தெரியாமல் இன்றும் "பி.எட். முடித்தால் ஒன்றாம் வகுப்புக்கும் போகலாம்" என்று சொல்லிச் சேர்க்கை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கோபம்தான் வருகிறது.

இளவேனில், என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் உனக்கு. அதனால் "நீ" என்றே எழுதுகிறேன். இங்கே 1 முதல் 5 வரை இடைநிலை ஆசிரியர். அதற்கு பிளஸ் டூ முடித்து இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயம், பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாள். 6 முதல் 10 வரை பட்டதாரி ஆசிரியர். அதற்குப் பட்டமும் பி.எட்.டும் இரண்டாம் தாளும். 11, 12-க்கு முதுகலையும் பி.எட்.டும். உன் ஆசை ஒன்றாம் வகுப்பு என்றால் நேர்வழி பட்டயம்தான். பட்டப்படிப்பு மூன்றாண்டு, பி.எட். இரண்டாண்டு என்று ஐந்தாண்டு போட்டுவிட்டு, நீ விரும்பிய வகுப்பின் வாசலிலேயே நிற்பாய்.

"வெறும் டிப்ளமோ" என்ற பேச்சுக்கு ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று 42-இலிருந்து 17-ஐக் கழித்து 35 என்று எழுதுகிறது. கணிதப் பட்டதாரி ஒருவர் நோட்டைப் பார்த்துத் தப்பு என்று சுழித்துவிட்டு, "பக்கத்தில் கடன் வாங்கு" என்பார். குழந்தை யாரிடம் எதைக் கடன் வாங்கும்? அது ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது: 7-இல் 2 போக 5, 4-இல் 1 போக 3. அதனளவில் சரியாகத்தான் யோசித்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் நான்கு பத்துக்குச்சிக் கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் முன்னால் வைத்து, "இதிலிருந்து ஏழு குச்சி எடு பார்ப்போம்" என்பார். குழந்தை இரண்டை எடுத்துவிட்டு விழிக்கும். அப்புறம் தானாகவே ஒரு கட்டின் ரப்பர் பேண்டை அவிழ்க்கும். அந்த நிமிடத்துக்காகத்தான் பட்டயப் பயிற்சி. கணிதம் தெரிவது வேறு, ஏழு வயதுக்காரரின் கணிதம் தெரிவது வேறு. பி.எட். குறைந்த படிப்பு என்று சொல்லவில்லை. எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் நடத்த அதுதான் வேண்டும்.

பூவரசு:

நான் ஒருங்கிணைந்த படிப்பில் இரண்டாம் ஆண்டு. பட்டமும் பி.எட்.டும் சேர்த்து நான்கே ஆண்டு, ஓராண்டு மிச்சம். மத்திய அரசின் புதிய நான்காண்டுத் திட்டத்துக்குத் தேசிய நுழைவுத் தேர்வு உண்டு; திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், திருச்சி என்.ஐ.டி. போன்ற இடங்களில் நடக்கிறது. அந்தத் திட்டத்தில் அடித்தளம் முதல் 12-ஆம் வகுப்பு வரை நான்கு கட்டங்கள் இருக்கின்றன. சேரும் இடம் எந்தக் கட்டத்துக்கானது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் சேர்ந்த இடத்தில் எல்லோரும் உயர் வகுப்புகளுக்குத்தான் தயாராகிறோம். உங்களுக்கு இது பொருந்தாது என்றே தோன்றுகிறது.

இளவேனில்:

நன்றி டீச்சர், நன்றி பூவரசு. பட்டயம் படித்தால் பட்ட ஆசையை விட்டுவிட வேண்டுமா? கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

சாக்பீஸ் டீச்சர்:

ஏன் விட வேண்டும்? பட்டயம் முடித்ததும் தொலைநிலையில் பட்டம் படித்துக்கொள். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, இக்னோ இருக்கிறது. வழிப்போக்கன் கவனிக்காத இன்னொன்று: பட்டயத்தோடு பட்டமும் இருந்தால், பி.எட். இல்லாமலே இரண்டாம் தாள் எழுதலாம். அதாவது 8-ஆம் வகுப்பு வரை உனக்கு வழி திறந்தே இருக்கிறது. பி.எட். மட்டும் வைத்திருப்பவருக்குக் கீழ் வகுப்புகளுக்கு வழி கிடையாது.

கல்லூரி என்றால் முதலில் உங்கள் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் போய் விசாரி. தனியார் நிறுவனமானால் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பள்ளிப் பயிற்சியைப் பற்றிக் கேள். 2014 விதிமுறைகளின்படி இரண்டாண்டில் குறைந்தது 20 வாரங்கள் பள்ளியில் இருந்தாக வேண்டும். எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, நீ பாடம் நடத்தும்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுக்கப்போவது யார் என்று கேள். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம், மாதம் ஒரு நாள் வந்து கையெழுத்துப் போட்டால் போதும்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடு. அழகான கட்டடத்தைப் பார்த்து மயங்காதே. அங்கே படிக்கும் பிள்ளைகளின் பாடத்திட்டக் குறிப்பேட்டை வாங்கிப் புரட்டு. திருத்தம் எதுவும் இல்லாமல் பக்கத்துக்குப் பக்கம் ஒரே கையெழுத்து விழுந்திருந்தால், யாரும் படித்துப் பார்க்கவில்லை என்று பொருள்.

மூன்றாம் மணி:

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியர். டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 1 முதல் 3 வரை 2022-இலிருந்து எண்ணும் எழுத்தும் திட்டம் நடக்கிறது; குழந்தைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் வர வேண்டும் என்பதற்கான அரசுத் திட்டம் அது. ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளில் குழந்தைகள் உட்கார்ந்திருப்பார்கள். பயிற்சிக்குப் போகும்போது அப்படிப்பட்ட வகுப்பை அவசியம் கேட்டு வாங்குங்கள். ஐந்தாம் வகுப்பைத் தந்து ஒதுக்கிவிடுவார்கள். இன்னொன்று, தகுதித் தேர்வில் தேறினாலே அரசு வேலை கிடைத்துவிடாது. 2018 அரசாணைக்குப் பிறகு தனியாகப் போட்டித் தேர்வும் உண்டு. பணியில் இருக்கும் ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2025 செப்டம்பர் தீர்ப்புக்குப் பிறகு, தகுதித் தேர்வு வருவதற்கு முன்பே பணிக்கு வந்த என்னைப் போன்றவர்களும் இப்போது முதல் தாளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறோம். 150 கேள்விகளில் 30 குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும். பட்டயத்தில் அந்தப் பாடத்துக்கு எடுக்கும் குறிப்புகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என்னுடையதைத் தேடி இப்போது பரணையே புரட்டிக்கொண்டிருக்கிறேன்.