தையல், கைவேலை பேட்டர்ன் 50, 100 பிரதி மட்டும் அச்சடிக்கணும்: எந்தக் கடை, என்ன தாள், எங்கே தப்பாகும்? பேட்டர்ன் விற்கிறவங்களும் ஒரு பிரஸ்காரரும் சொல்றாங்க.

பிளவுஸ், சுடிதார் பேட்டர்ன்:
முழு அளவுத் தாளா விற்கிறவங்க ஜெராக்ஸ் கடையை விட்டுட்டு, வீட்டு பிளான் பிரின்ட் எடுக்கிற கடைக்குப் போங்க. அங்க பிளாட்டர்ல (பெரிய தாள் பிரின்டர்) 36 இன்ச் ரோல் ஓடும். ஏ0 தாளோட அகலம் 841 மி.மீ. தான், தாராளமா அடங்கும். கறுப்புக் கோடு மட்டும்னா 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம்ங்கிற கணக்கு) போதும்.

ஃபைல் கொடுக்கும்போதே "100 சதவீதத்துல எடுங்க, ஃபிட் டு பேஜ் வேண்டாம்"னு (தாளுக்கு ஏத்தபடி சுருக்க வேண்டாம்னு) சொல்லிடணும். 97 சதவீதமா சுருங்கினா கண்ணுக்குத் தெரியாது. ஆனா 36 இன்ச் மார்புச் சுற்று 35-க்கும் கீழே இறங்கிடும். அளவா வெட்டுற பிளவுஸ்ல அந்த ஒரு இன்ச் போனா ஊக்கு மாட்ட முடியாது.

5 செ.மீ. சோதனைக் கட்டம் மட்டும் போட்டா பத்தாது. ரோல் நகர்ற திசையில வர்ற பிழை நீளத்தோட சேர்ந்து வளரும். ஒரு சதவீதப் பிழை 5 செ.மீ.ல அரை மில்லிமீட்டர், ஒரு மீட்டர்ல ஒரு சென்டிமீட்டர். அதனால 50 செ.மீ. கோடு நெடுக்குல ஒண்ணு, குறுக்குல ஒண்ணு கட்டாயம் போடுங்க. இன்ச் டேப் நாள்பட இழுபட்டுப் போயிருக்கும், ஸ்டீல் ஸ்கேல்லதான் அளக்கணும்.

ஆரி (கொக்கி ஊசி எம்பிராய்டரி) டிசைன்:
மேலே பிளவுஸ் பேட்டர்ன் அக்கா சொன்ன 50 செ.மீ. கோடு கழுத்து டிசைனுக்கும் வேணும். பாதிக் கழுத்து மட்டும் அச்சடிச்சா, மடிக்கிற மையக்கோட்டைப் புள்ளிக்கோடா காட்டணும். கைக்கு வலது, இடது ரெண்டையும் தனித்தனியா போட்டுடுங்க, இல்லன்னா வாங்குறவங்க ரெண்டு கையையும் ஒரே பக்கமா டிரேஸ் பண்ணிடுவாங்க.

மெல்லிசு பட்டர் பேப்பரை லேசர் மெஷின்ல விடவே கூடாது. டோனரை உருக்குற சூட்டுல சுருங்கி உள்ளே சிக்கும். லேசருக்குன்னு வர்ற 90 ஜிஎஸ்எம் டிரேசிங் தாள் கேளுங்க. அது கிடைக்கலைன்னா சாதாரணத் தாள்ல அடிச்சு, பட்டர் பேப்பரைச் சேர்த்து வெச்சு ஊசியால துளை போடச் சொல்லிக் குறிப்பு எழுதிடலாம்.

குரோஷே, கிராஸ் ஸ்டிட்ச் புத்தகம்:
ஆர்ட் பேப்பர் வேண்டாம். விளக்கு வெளிச்சத்துல பளபளக்கும், பென்சில் பிடிக்காது. வரிசை முடிக்க முடிக்க டிக் போடுறவங்களுக்கு 100 ஜிஎஸ்எம் மேப்லித்தோதான் (பளபளப்பில்லாத தாள்) சரி. அட்டைக்கு மட்டும் 250 அல்லது 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு.

சார்ட்டோட கட்டக்கோடுகள் முழுக் கறுப்பா இருக்கணும். சாம்பல் நிறம் கொடுத்தா அச்சுல புள்ளி புள்ளியா உடையும், 0.25 பாயின்ட்டுக்குக் கீழே போனா கோடே விட்டுப்போகும். அந்தக் கறுப்பும் நாலு கலர் கலந்ததா இல்லாம கே 100 (கறுப்பு மை மட்டும்) தானான்னு பாருங்க. வேர்டுல செஞ்ச ஃபைல்ல பெரும்பாலும் ஆர்ஜிபி (திரைக்கான கலர் முறை) கறுப்புதான் இருக்கும். கறுப்புப் பக்கத்துக்கும் கலர் ரேட் விழறதுக்கு அதுதான் காரணம்.

கேள்வி: 80 பக்கப் புத்தகத்தைச் சென்டர் பின் (நடுமடிப்புல அடிக்கிற பின்) தாங்குமா?

குரோஷே:
பின் அடிக்கலாம், ஆனா 20 தாள் மடிப்புல புத்தகம் வாய் பிளந்து நிற்கும், நடுப்பக்கங்கள் வெளியே தள்ளி வெட்டுல ஓரம் குறையும். 48 பக்கத்தோட நிறுத்துறது நல்லது, அதுவும் நாலின் மடங்கா இருக்கணும். அதுக்கு மேலேன்னா விரோ (கம்பி வளையம் மாட்டுற) பைண்டிங். ரெண்டு கையும் நூல்ல இருக்கிறவங்களுக்குப் புத்தகம் தானா விரிஞ்சு படுக்கணும். பர்ஃபெக்ட் பைண்டிங் (முதுகுல பசை ஒட்டுறது) படுக்காது. விரோ துளைக்கு உள்பக்கம் 15 மி.மீ. இடம் விடுங்க.

பிரஸ் வேலை பார்ப்பவர்:
தமிழ் எழுத்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. பிடிஎஃப்பைக் கோரல்டிராவில் திறந்து பக்கம் அடுக்கும் கடைகளில் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். எழுத்தை கர்வ் (ஃபான்ட் தேவைப்படாத கோட்டு வடிவம்) ஆக்கிக் கொடுங்கள். மாற்றிய பிறகு ஒருமுறை முழுக்கப் படித்துப் பாருங்கள்.

அட்டையில் ஓரம் வரை நிறம் போகிறதா? ஏ3 அகலம் 297 மி.மீ., 12×18 இன்ச் தாளின் அகலம் 305. இரு பக்கமும் 3 மி.மீ. பிளீட் (வெட்டி எடுக்கும் கூடுதல் ஓரம்) வைத்தால் மீதி 2 மி.மீ. தான். ஓரத்தில் சில மில்லிமீட்டரை டிஜிட்டல் மெஷின் அச்சடிக்காது என்பதால் வெள்ளைக் கீற்று விழும். 13×19 தாள் கேளுங்கள்.

நூறு பிரதிக்கு ஆஃப்செட் (பிளேட் செய்து அடிக்கும் அச்சு) கட்டுப்படியாகாது. மல்டிகலருக்கு ஒரு பக்கத்துக்கே நாலு பிளேட், கலர் செட் ஆகும்வரை வீணாகும் தாள் வேறு. சிவகாசியில் பலருடைய வேலையை ஒரே ஷீட்டில் சேர்த்து அடிப்பது மலிவுதான், ஆனால் பக்கத்து வேலைக்காக இங்க்கை ஏற்றி இறக்குவார்கள். நூல் நிற எண்ணைப் பார்த்து வாங்கும் சார்ட்டுக்கு அது ஒத்துவராது. விசிட்டிங் கார்டுக்கும் நன்றி அட்டைக்கும் தாராளமாகக் கொடுக்கலாம்.