ஆர்தர்ஸ் சீட்டில் ஒரு டிசம்பர் மாலை

எடின்பரோவுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நகரின் நடுவிலேயே நிற்கும் ஆர்தர்ஸ் சீட் அணைந்துபோன ஒரு பழைய எரிமலை. உயரம் 251 மீட்டர்தான். ஊரில் இதைவிடப் பெரிய மலைகளில் ஏறி இறங்கியிருந்ததால் எனக்குக் கொஞ்சம் மிதப்பு. சாப்பிட்டுவிட்டு மெதுவாகப் போய்க்கொள்ளலாம் என்று ஒரு சனிக்கிழமை தனியாகக் கிளம்பினேன். ஹோலிரூட் அரண்மனையைத் தாண்டும்போது கோட்டையில் ஒரு மணிக்கு வெடிக்கும் பீரங்கிச் சத்தம் கேட்டது. டிசம்பரில் இங்கே மூன்றே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும் என்பது தெரியாமல் இல்லை, உறைக்கவில்லை.

செயின்ட் மார்கரெட்ஸ் ஏரியில் கரையோரத் தண்ணீர் கண்ணாடிபோல உறைந்திருந்தது. ஓர் அன்னம் அதை நெஞ்சால் அழுத்தி உடைத்துக்கொண்டு வந்தது. முறுக்கு நொறுங்குவதுபோன்ற அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அரை மணி நேரம் நின்றுவிட்டேன். பிறகு இடிந்த தேவாலயத்தில் ஏறி இறங்கியதில் இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று.

உச்சிக்குப் போனபோது மூன்றேகால். ஒரு பக்கம் கோட்டை, இன்னொரு பக்கம் கடல், நடுவில் புகை எழும்பும் கூரைகள். குறை சொல்ல முடியாத காட்சி. ஆனால் காற்று கண்ணில் நீரை வரவழைத்தது. படம் எடுக்கக் கைபேசியை வெளியே எடுத்தேன். நாற்பது சதவீதம் சார்ஜ் காட்டியது, குளிரில் அப்படியே அணைந்துவிட்டது. என்னிடம் இருந்த ஒரே டார்ச்சும் அதுதான்.

உச்சிப் பாறைகள் காலங்காலமாகப் பலரின் கால்பட்டு வழவழத்துப் போனவை. அவற்றின்மேல் உறைபனி வேறு. எழுந்து நிற்கவே பயமாக இருந்ததால் உட்கார்ந்தபடியே நகர்ந்து இறங்கினேன். நாள் முழுக்க வெயில் படாத வடக்குப் பள்ளத்தில் அதற்குள் இருள் கட்டிவிட்டது.

அப்போதுதான் வேண்டாத கதை நினைவுக்கு வந்தது. 1836இல் முயல் பிடிக்க வந்த சிறுவர்கள் இந்த மலையின் பாறை இடுக்கு ஒன்றில் 17 குட்டிச் சவப்பெட்டிகளைக் கண்டெடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் உடை அணிந்த ஒரு மரப்பொம்மை. யார் வைத்தார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. 1827-28இல் பர்க், ஹேர் என்ற இரு கொலைகாரர்கள் இந்த ஊரில் ஓர் உடற்கூறு மருத்துவருக்கு விற்ற உடல்களும் 17தான் என்பதைச் சுட்டிக்காட்டுகிறவர்கள் உண்டு.

பின்னால் காலடிச் சத்தம். வேகமாக நெருங்கியது. திரும்பிப் பார்க்க மனம் வரவில்லை.

பக்கத்தில் வந்து நின்றவருக்கு அறுபது வயதிருக்கும். அரைக்கால் சட்டை, தலையில் கட்டிய விளக்கு, முழங்காலில் சேறு. தினமும் ஓடுகிறவராம். நான்கு அடுக்கு உடுப்புக்குள் தரையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை மறக்க மாட்டேன்.

"கல்லை விட்டுவிடுங்கள், ஓரத்துப் புல்லில் காலை வையுங்கள்" என்றார். அதுவரை படிதான் பத்திரம் என்று நினைத்திருந்தேன். உறைந்த புல் காலுக்கடியில் நறநறவென்று நொறுங்கியது, ஆனால் வழுக்கவில்லை. ஏரி விளக்குகள் தெரியும்வரை எனக்கு முன்னால் மெதுவாக நடந்து வெளிச்சம் காட்டினார். "இனி உங்களுக்கு வழி தெரியும்" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே மறுபடியும் மேலே ஓட ஆரம்பித்தார். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் முதல் வேலையாக ஒரு தலைவிளக்கு வாங்கினேன். பிறகு ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனேன். எஞ்சியிருக்கும் எட்டுப் பெட்டிகள் அங்கேதான் இருக்கின்றன. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் கையை வைத்துப் பார்த்தேன். ஒரு பெட்டி என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.