உப்புக்காற்றில் பிடித்துப்போன போல்ட்டும் பிஸ்டனும்

குளச்சலிலிருந்து:
வள்ளத்தின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரில் அதிகம் பாடுபடுத்துவது கீழ்க்கூட்டு போல்ட்தான். கூடு அலுமினியம், போல்ட் எஃகு. இடையில் உப்புத்தண்ணி புகுந்தால் அரிபடுவது அலுமினியம். அரித்து வரும் வெள்ளைப் பொடி மரையெல்லாம், அதாவது திருகுப் புரியெல்லாம், அடைத்துக்கொள்ளும். இது துரு இல்லை, அதனால் எண்ணெய் ஊற்றி நாள்கணக்கில் காத்திருந்தும் பெரிய பலன் இருக்காது. சூடு காட்டணும், அதுவும் போல்ட் தலைக்கு அல்ல, சுற்றியுள்ள கூட்டுக்கு. 100 டிகிரி ஏறினால் 8 மி.மீ. துளை சுமார் 0.018 மி.மீ. விரியும், எஃகு அதில் பாதிதான். அந்த இடைவெளியே போதும். டார்ச்சை ஓரிடத்தில் நிறுத்தாதீங்க. தண்ணீர்ச் சொட்டு விழுந்ததும் சீறினால் சூடு போதும். அலுமினியம் சிவந்து காட்டாது, பார்த்திருக்கும்போதே இளகிவிடும். பக்கத்து ஆயில் சீல் போனதாகவே கணக்கு வையுங்க. பெட்ரோல் டேங்கை முதலிலேயே தூர வைத்துவிடணும்.

தக்கலையிலிருந்து:
குளச்சல் அண்ணாச்சி சொன்னது முழு போல்ட்டுக்கு. ஸ்டட், அதாவது தலையில்லாத மரைக்கம்பி, முறிந்துபோனால் கதை வேறு. 8 மி.மீ. ஸ்டட் கொஞ்சம் வெளியே நீட்டியிருந்தால் அதன்மேல் 10 மி.மீ. நட்டை வைத்து, உள்ளே வெல்டிங் நிரப்புங்க. வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது, ஸ்டட்டில் மட்டும் பிடிக்கும். சிவப்பு இறங்கியதும் மெழுகுவர்த்தியை ஓரத்தில் தொட்டால் மெழுகு உருகி மரைக்குள் இறங்கும். பிறகு கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. கிரீச் என்றால் நிறுத்தி மறுபடி மெழுகு. ஒரே இழுப்பில் கழற்ற நினைத்தால் மறுபடி முறியும்.

முறிந்த துண்டில் துளை போட்டு, இடப்பக்கம் திருகி எடுக்கும் ஈஸி-அவுட்டை நான் கடைசியில்தான் எடுக்கச் சொல்வேன். அது உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் பிட் அதைத் தொடாது. அதற்குப் பதில் நடுவில் பஞ்ச் குத்தி, 4 மி.மீ.யில் தொடங்கி 6.8 வரை துளைத்து, 1.25 மி.மீ. பிட்ச் (மரை இடைவெளி) உள்ள டேப், அதாவது மரை வெட்டும் கருவி, விட்டு மிச்ச மரையைச் சுரண்டி எடுக்கலாம். நடு தப்பினால் எல்லாம் தப்பும்.

பூதப்பாண்டியிலிருந்து:
வயலில் மழை நனைந்து கிடந்த டீசல் பம்ப்செட் என்றால் பிஸ்டனே லைனரில் (அது ஓடும் உருளைக் குழாயில்) பிடித்திருக்கும். இது உண்மையான துரு, இங்கே ஊறவைப்பது பலிக்கும். ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனுக்கு மேலே தெரியும் துருவையும் கரியையும் எமரித்தாளால் முதலில் தேய்த்தெடுங்க. இல்லாவிட்டால் அசையும் பிஸ்டன் அந்த மேட்டில் போய் முட்டும். டீசலும் மண்ணெண்ணெயும் சமமாக ஊற்றி நாலு நாள் விடுங்க. எண்ணெய் மட்டம் இறங்கினால் நல்ல சகுனம்.

பிஸ்டனை கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடிமூடியை (கேப்) கழற்றாமல் சுத்தியலை எடுக்காதீங்க. பிஸ்டன் உச்சியிலோ அடியிலோ நின்றால் அடி முழுக்க ராடுக்கும் பேரிங்குக்கும்தான் போகும். 80 மி.மீ. லைனருக்கு 75 மி.மீ. புளியங்கட்டை வைத்துச் சின்னச் சின்னத் தட்டு. அசையவே இல்லையென்றால், கழற்றக்கூடிய லைனராக இருந்தால் பிஸ்டனோடு சேர்த்தே வெளியே இழுத்து, லேத் பட்டறை பிரஸ்ஸில் கொடுத்துவிடுங்க.

மறுபடி குளச்சல்:
ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் பிடிக்காது என்று நினைக்காதீங்க. அலுமினியத்துக்கு அது இன்னும் பகை. எது போட்டாலும் மரையில் மெரைன் கிரீஸ் பூசி ஏற்றுங்க, வருஷம் ஒருமுறை கழற்றி மாட்டுங்க.