ஊசி போடப் போன இடத்துல மனசுல நின்னுபோன ஒரு சம்பவம் சொல்லுங்க

சூளைபக்கம்_சிஸ்டர்:
திருவள்ளூர் பக்கம் விஎச்என்னா, அதாவது கிராம சுகாதார நர்ஸா இருக்கேன். ஜனவரி வந்தா செங்கல் சூளைங்க நிரம்பிடும், ஒடிசாவுல போலாங்கிர், நுவாபடா பக்கத்து ஆளுங்கதான் நிறைய, குடும்பத்தோட வருவாங்க, மழைக்கு முன்னாடி ஜூன் வாக்குல கிளம்பிடுவாங்க. நடுவுல ஒம்பது மாசம் முடியுற குழந்தைங்க எந்த ஊர் லிஸ்ட்லயும் இருக்காது. ஒரு அம்மா, குழந்தைக்கு எம்ஆர், அதான் தட்டம்மை ரூபெல்லா ஊசி போடணும், இடுப்புல இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு கொடுக்கவே மாட்டேங்குறா. மேஸ்திரி "இதுங்க பயப்படும் சிஸ்டர், விட்டுட்டு போங்க"ங்கிறார். எனக்கு மனசு கேக்கல, கொஞ்சம் தமிழ் தெரிஞ்ச ஒரு பையனைக் கூப்பிட்டு என்னன்னு கேக்கச் சொன்னேன். ராத்திரி குழந்தைக்கு காய்ச்சல் அடிச்சா கல்லு யாரு அறுக்கிறதுன்னு கேக்குறா. விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே எழுந்து புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேர்ந்து அறுத்தாத்தான் ஆயிரம் கல்லு கணக்கு வரும், வாங்கின அட்வான்ஸ் அதுலதான் கழியணும். அப்புறம் குடிசை ஓலையில சொருகியிருந்த பாலிதீன் கவரை எடுத்து நீட்டினா. ஒடியாவுல அச்சடிச்ச தடுப்பூசி கார்டு, எழுத்து எனக்குப் புரியல, ஆனா கட்டமெல்லாம் நம்ம கார்டு மாதிரியேதான், ஆறு, பத்து, பதினாலு வாரம் மூணும் தேதியோட இருந்துச்சு. அந்த மூணு தடவையும் போடற பென்டா, அஞ்சு நோய்க்கான ஊசி, ஒவ்வொண்ணுக்கும் ராத்திரி முழுக்க காய்ச்சலைப் பார்த்தவ, அதனாலதான் அந்தக் கேள்வி! இது வேற ஊசிம்மா, காய்ச்சல் வந்தாலும் ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு லேசாத்தான் வரும்னு பையனை விட்டு சொல்லச் சொன்னேன், அவளே குழந்தை கையை நீட்டினா. எல்லாம் சரியா போட்டுட்டு வந்தவளை பயந்தவன்னு சொல்லி விட்டுட்டு வரச் சொன்னாங்களேன்னு இன்னைக்கும் ஆறல.

கணக்கு_வாத்தியார்:
சிஸ்டர், நீங்க சொன்ன சூளை அம்மாவாவது காரணம் சொன்னாங்க. 2017 பிப்ரவரி எம்ஆர் முகாம் ஞாபகம் இருக்கும் எல்லாருக்கும், ஒம்பது மாசத்துல இருந்து 15 வயசு வரைக்கும் போட்டாங்களே. முகாம் அன்னைக்கு எங்க ஸ்கூல் கேட்டுல ஒரு அப்பா ஃபோனைத் தூக்கி என் முகத்துக்கு நேரா காட்டுறார், ஏதோ ஆடியோ, ஊசி போட்டா பிள்ளைக்கு பின்னாடி குழந்தை பிறக்காதுன்னு. நான் பேசப் பேச அவர் அதையே திரும்பத் திரும்ப ஓட விடுறார். பொண்ணு எட்டாவது, பக்கத்துல நின்னு அழுவுது, "சார் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் போட்டாங்க சார்"னு. கூட்டிட்டுப் போயிட்டார். எல்லாத்தையும் கெடுத்தது இந்த வாட்ஸ்அப்தான்.

செங்குன்றம்_மணி:
வாத்தியார் சார் மன்னிக்கணும், எல்லாத்தையும் வாட்ஸ்அப் தலையில போடாதீங்க. 2008 ஏப்ரல்ல இதே திருவள்ளூர் மாவட்டத்துல தட்டம்மை ஊசி போட்ட அன்னைக்கே 4 குழந்தைங்க இறந்துச்சு, அப்ப எங்க வாட்ஸ்அப் இருந்துச்சு? அதுக்கப்புறம் ஊருக்குள்ள வந்து போடறதை நிறுத்தி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாங்கன்னுட்டாங்க. பாதுகாப்புக்குத்தான், புரியுது. ஆனா எங்க அக்கா கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு பஸ் மாறிப் போகணும், ஒரு நாள் கூலி போச்சு. ஜனங்க கேள்வி கேட்டா அதுக்கு உக்காந்து பதில் சொல்லணும், வதந்தின்னு ஒரே வார்த்தையில தள்ளிட்டா அவங்க எங்க போவாங்க?

மலைச்சாரல்:
நான் கூடலூர் பக்கம். 2021 கோவிட் ஊசி. ஜீப் சத்தம் கேட்டாலே ஊரே காலியா இருக்கும், ஊசிக்கு பயந்து காட்டுக்குள்ள ஓடிட்டாங்கன்னு வெளியில பேசுவாங்க. காலை பதினொரு மணிக்குப் போனா எஸ்டேட்டுக்கு இலை பறிக்கப் போனவங்க வீட்டுல எப்படி இருப்பாங்க? சாயங்காலம் ஆறு மணிக்குப் போனோம், அடுப்பு வெளிச்சத்துல உக்காந்து பேசினோம், வந்தாங்க. அடுத்த சிக்கல் கோவின், ஊசிக்குப் பேர் பதியற ஆன்லைன் தளம். ஒரு நம்பர்ல நாலு பேர்தான் ஏத்த முடியும், ஊருக்கே ரெண்டு ஃபோன். நாங்க வாலன்டியருங்க எங்க நம்பர், வீட்டுல உள்ளவங்க நம்பர் எல்லாம் கொடுத்தோம். 84 நாள் கழிச்சு ரெண்டாவது டோஸ் மெசேஜ் எங்க அத்தை ஃபோனுக்கு வருது, ஒரு பாட்டி பேரைப் போட்டு, அத்தை "யாருடா இது"ங்கிறாங்க. அந்த பாட்டிக்கு நேர்ல போய் சொல்லத்தான் ஆள் வேணும், மெசேஜ் அனுப்பியாச்சுன்னு ஆபீஸ்ல கணக்கு முடிஞ்சிடும்.

என்எஸ்எஸ்_பழசு:
பஸ் ஸ்டாண்டு போலியோ பூத், காலேஜ் படிக்கும்போது. பாசி மணி விக்கிற ஒரு நரிக்குறவர் அக்கா, தூளியில குழந்தை, பூத்தைத் தாண்டி போறாங்க வர்றாங்க. எங்க கூட இருந்தவங்க காரைப் பார்த்து கையாட்டி கூப்பிடறாங்க, அவங்களைக் கூப்பிடல. கடைசியில அவங்களே வந்து "எங்க புள்ளைக்கும் உண்டா சாமி"ன்னு கேட்டாங்க. இடது சுண்டு விரல்ல மை வச்சது நான்தான். சும்மா எல்லாருக்கும் கொடுக்கிற சொட்டு மருந்து அது. கேட்டு வாங்க வச்சிட்டோம்.

பார்மசி_குமரேசன்:
நமக்கு பெரிய அனுபவம் இல்ல, கடையில தினமும் அம்மாக்கள் வந்து கேக்கிறதை வச்சு சொல்றேன். பென்டா போட்ட ராத்திரி சூடு வந்தா பாராசிட்டமால் சொட்டு குழந்தை எடைக்குத் தகுந்த அளவுதான் கொடுக்கணும், பக்கத்து வீட்டு குழந்தைக்குக் கொடுத்த அளவு கிடையாது, சிஸ்டர்கிட்டயே எத்தனைன்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. பிசிஜி, அதான் காசநோய் தடுப்பூசி, போட்ட இடத்துல கொப்புளம் வந்து தழும்பாகும், அது வரணும், மேல எதுவும் தடவாதீங்க. போட்டதும் ஓடாதீங்க, அரை மணி நேரம் அங்கேயே உக்காருங்க. கார்டு ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து சொந்தக்காரங்க ஃபோனுக்கும் அனுப்பி வைங்க, மழையில ஓலை ஒழுகினா கார்டு போயிடும். எம்ஆர் ரெண்டாவது டோஸ் 16 மாசத்துல இருந்து 24 மாசத்துக்குள்ள, அந்த ஒடிசா குழந்தை அப்ப எந்த ஊர்ல இருக்கும்னு தெரியாது, அதனால முதல் டோஸ் தேதியை அவங்க கார்டுலயே நம்பர்ல எழுதிக் கொடுங்க, தனிச்சீட்டுல வேண்டாம். அப்புறம் சூளைக்குப் போற சிஸ்டர்ங்களுக்கு, எம்ஆர் மருந்து குப்பியைத் திறந்து கலக்கினா நாலு மணி நேரம்தான்னு தெரியும், மீதி டோஸ் வீணாகுமேன்னு ஒரே குழந்தையைத் திருப்பி அனுப்பாதீங்க. ஒரு குழந்தை வந்தாலும் திறக்கலாம், மேல கேட்டா பேரை எழுதிக் காட்டுங்க.