எச்சரிக்கை மட்டும் எழுதின குறையும் எஸ்.எம்.எஸ் (அமெரிக்க ட்ரக் பாதுகாப்பு மதிப்பீடு) புள்ளியில ஏறுமா?

ஓமந்தை
கிளிநொச்சியில இருந்து ரொறன்ரோ ட்ரக் கொம்பனி ஒண்டுக்கு ஒன்லைனில பேப்பர் வேலை பாக்கிறன். அமெரிக்காவுக்கும் ஓடுற 9 ட்ரக். ஒகையோவில லெவல் 2 எண்ட வீதிச் சோதனையில ட்ரெய்லர் பின் லைற் எரியேல்லை எண்டு எழுதியிருக்கினம். அபராதம் இல்லை. சாரதி "அது ஒண்டும் செய்யாது" எண்டுறார். உண்மையோ? எவ்வளவு காலம் நிக்கும்?

பரந்தன் சந்தி
சாரதி சொல்லுறது பிழை, தம்பி. அபராதம் எழுதினதோ இல்லையோ, அறிக்கையில குறை பதிஞ்சால் காணும்.

குறையின்ரை கடுமைக்கேற்ப 1 முதல் 10 வரை பாரம் இருக்கு. பின் லைற்றுக்கு 6, தேய்ஞ்ச ரயருக்கு 8. வண்டியை அந்த இடத்திலயே நிப்பாட்டி வைச்சால் இன்னும் 2 கூடும். முதல் 6 மாதம் அதை 3ஆல பெருக்குவினம், அடுத்த 6 மாதம் 2ஆல, பிறகு 24 மாதம் முடியுமட்டும் 1ஆல. உங்கட லைற் இப்ப 6×3=18.

அந்த 18ஐ, நடந்த சோதனைகளின்ரை கால எடையின் (மேல சொன்ன 3, 2, 1) கூட்டுத்தொகையால பிரிக்கிறவை. 6 மாதத்துக்குள்ள 5 சோதனை எண்டால் 15; 18÷15=1.2. குறையில்லாமல் இன்னும் இரண்டு சோதனை வந்தால் 18÷21, கிட்டத்தட்ட 0.86. ஆக, சுத்தமான சோதனைதான் புள்ளியை இறக்கும். 9 ட்ரக் கொம்பனிக்குச் சோதனை குறைவு, அதாலதான் ஒரு லைற்றே இவ்வளவு உலுப்புது.

பிறகு, உங்களளவு சோதனை கண்ட கொம்பனிகளோட ஒப்பிட்டு 100க்குள்ள தரவரிசை வீதம் போடுவினம்; கூடினால் மோசம். சாதாரண சரக்குக் கொம்பனிக்கு வாகனப் பராமரிப்பில 80, சாரதியின்ரை வேலை நேர விதியில 65 தாண்டினால் எஃப்.எம்.சி.எஸ்.ஏ (அமெரிக்க ட்ரக் பாதுகாப்பு அமைப்பு) கவனிக்கத் தொடங்கும்.

மாங்குளம்
ஒரு திருத்தமில்லை, சேர்க்கை. எல்லாச் சுத்தமான சோதனையும் உதவாது. லெவல் 3 சாரதியையும் அவரின்ரை பேப்பரையும் மட்டும் பாக்கிறது. அது வேலை நேரப் பகுதிக்குச் சேரும், வாகனப் பராமரிப்புக்குச் சேராது. வண்டியையும் பாக்கிற லெவல் 1, 2 நடந்து குறை இல்லாட்டி, அறிக்கை எழுதித் தரச்சொல்லி மரியாதையாக் கேக்கச் சாரதியிட்டைச் சொல்லுங்கோ.

ட்ரெய்லர் வாடகையோ இன்னொருத்தரின்ரையோ எண்டாலும், கொழுவி இழுக்கிற கொம்பனியின்ரை டொட் நம்பருக்குத்தான் (அமெரிக்கப் போக்குவரத்துப் பதிவு இலக்கம்) பெரும்பாலும் குறை விழும். அதால கொழுவினவுடனே ஹசார்ட், பிறேக் லைற் எல்லாம் போட்டு ஒருக்கால் சுத்திப் பாக்கவேணும். எரியாட்டி முதல்ல 7 பின் கேபிளின்ரை பின்னில துருவும் எர்த் வயரும், பிறகுதான் பல்ப். முன் ரயர் இழை 4/32 அங்குலம், மற்றதுகள் 2/32க்குக் குறையக்கூடாது.

ஓமந்தை
நன்றி அண்ணை. ட்ரெய்லரில இரண்டு பின் லைற்றும் போயிருந்தால் 12ஆ?

பரந்தன் சந்தி
இல்லை. ஒரே சோதனையில ஒரே குறைக் கோட் எத்தனை தரம் எழுதினாலும் ஒருக்கால்தான். கோட்டை வடிவாப் பாருங்கோ: அது பின் லைற்றில்லை, சின்ன அடையாள லைற் எண்டால் பாரம் 2தான். பிழையான கோட், வேற கொம்பனியின்ரை டொட் நம்பர் எண்டு கண்டால் படத்தோடயும் பில்லோடயும் டேற்றாகியூஸில (பதிவுப் பிழையைத் திருத்தக் கேக்கிற எஃப்.எம்.சி.எஸ்.ஏ இணையத்தளம்) மறுபரிசீலனை கேளுங்கோ. அபராதம் எழுதி அது கோர்ட்டில தள்ளுபடியானால், தீர்ப்பை அங்க குடுத்தும் குறையை எடுப்பிக்கலாம். திருத்தினது எண்டதுக்காக மட்டும் எடுக்க மாட்டினம்.

மாங்குளம்
15 நாளுக்குள்ள திருத்தினதா ஒப்பமிட்டு, அறிக்கையை அந்தச் சோதனை நடத்தின அலுவலகத்துக்கு அனுப்பவேணும். கொப்பி 12 மாதம் வைச்சிருக்கவேணும். சாரதி அங்க பின்னேரம் 6க்கு அனுப்பினால் கோடையில எங்களுக்கு விடிய 3:30. வட்ஸ்அப்பில தாறதோட நிக்காமல், அறிக்கையின்ரை எல்லாப் பக்கமும் ஸ்கான் பண்ணி வாங்குங்கோ. ஒப்பமிடுற பகுதி படத்தில வெட்டுப்படுறது வழமை.