தம்பிக்கு மனச்சிதைவு என்கிறார் டாக்டர், இது எந்த வகை?

முசிறி அண்ணன்:
தம்பிக்கு 21 வயது, என்ஜினீயரிங் மூன்றாம் வருடம். தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன் ஹாஸ்டலுக்குத் திரும்பவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறான், மனதில் நினைப்பதெல்லாம் அவர்களுக்குக் கேட்டுவிடுகிறதாம், ஜன்னல் முழுக்க நியூஸ்பேப்பர் ஒட்டியிருக்கிறான். குளிப்பதில்லை. எட்டு மாதம் இப்படியே ஓடிவிட்டது, இப்போதுதான் டாக்டரிடம் காட்டினோம். மனச்சிதைவு என்று சொல்லி ரிஸ்பெரிடோன் எழுதிக் கொடுத்தார். 15 நாள் ஆகியும் சந்தேகம் போகவில்லை. எனக்கு எதற்கு மாத்திரை என்று பாதி நாள் துப்பிவிடுகிறான், அதனால் அம்மா பொடி செய்து சாம்பார் சாதத்தில் கலக்கிறார். மனநோய் தீரும் என்று நம்பிப் போகிற குணசீலம் கோயிலில் 48 நாள் தங்க வைக்க வேண்டும் என்றும் சொல்கிறார். நெட்டில் பாரனாய்டு, கேட்டடோனிக் என்று ஐந்து வகை வருகிறது. இவனுக்கு எது? முழுசாகக் குணமாகுமா?

மனநலப் பணியாளர்:
வகையை நினைத்துக் குழம்பாதீர்கள் தம்பி. அந்த ஐந்து பிரிவையும் 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநோய்க் கையேட்டிலேயே எடுத்துவிட்டார்கள், உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11-லும் இல்லை. ஒரே ஆள் ஒரு வருடம் ஒரு வகையாகவும் அடுத்த வருடம் வேறு வகையாகவும் தெரிவார், எந்த மருந்து கேட்கும் என்பதும் அதிலிருந்து தெரியவில்லை. குரல் கேட்பது, சந்தேகம், நினைப்பது வெளியே கேட்கிறது என்பது எல்லாம் ஒரு பக்கம். குளிக்காமல், பேசாமல், எதிலும் பிடிப்பில்லாமல் கிடப்பது இன்னொரு பக்கம், வீட்டில் இதைத்தான் சோம்பேறித்தனம் என்று திட்டுவோம். அதுவும் நோய்தான். குரல் அடங்குகிற வேகத்தில் இது மாத்திரைக்கு அசையாது, அதனால் தயவுசெய்து திட்டாதீர்கள்.

மருந்து பிடிக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். துப்பிய நாட்களை டாக்டரிடம் சொன்னீர்களா? அவருக்குத் தெரியாவிட்டால் மருந்து கேட்கவில்லை என்று டோஸை ஏற்றிவிடுவார். கை நடுக்கம், உட்கார முடியாத தவிப்பு இருந்தாலும் சொல்லுங்கள், பலர் மாத்திரையை வெறுப்பது அதனால்தான், அதைச் சரி செய்ய வழி இருக்கிறது. செத்துப்போ என்று குரல் சொல்வதாகச் சொன்னால் அப்பாயின்ட்மென்ட் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அவசரமாகப் பேச அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

தங்கச்சி:
சாதத்தில் கலப்பதை விட்டுவிடுங்கள் அண்ணா, ஆனால் நீங்களாக நிறுத்தாமல் இன்றே டாக்டரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள். எங்கள் அண்ணனுக்கு 12 வருடமாக இந்த நோய். ரசத்தில் கலந்தோம், கண்டுபிடித்துவிட்டான். எல்லாரும் தனக்கு எதிராக ஏதோ செய்கிறார்கள் என்று நம்புகிறவனுக்கு நாங்களே அதை நிஜமாக்கிவிட்டோம். நாலு மாதம் வீட்டுச் சோறு தொடவில்லை, கடை பிரெட்தான். அப்புறம் டாக்டர் மாதம் ஒரு ஊசி என்று மாற்றினார், தினமும் மாத்திரைச் சண்டை இல்லை என்றதும் அவனே ஒப்புக்கொண்டான். பிறகு க்ளோசபின் என்ற மருந்து. இரண்டு மருந்தாவது சரியாகக் கொடுத்தும் கேட்காதவர்களுக்குத்தான் அது, வெள்ளையணு குறைகிறதா என்று முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் எடுப்பார்கள்.

கோயிலுக்கு அம்மா ஆசைப்பட்டால் கூட்டிப்போங்கள், மாத்திரையும் கூடவே போகட்டும். ஆனால் எங்கேயும் தனியாக விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். 2001-ல் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டி வைத்திருந்தவர்கள் தீ வந்தபோது ஓட முடியாமல் 28 பேர் இறந்தது இன்றும் எனக்கு ஆறவில்லை.

அச்சகத்தான்:
எனக்கே இந்த நோய், 19 வயதில் வந்தது. அந்தக் குரல் கற்பனை மாதிரி இருக்காது, நிஜமாகவே காதில் விழும். யாரும் பேசவில்லை என்று அண்ணன் கத்தினால் அவனும் அவர்களோடு சேர்ந்துவிட்டான் என்றுதான் தோன்றும். என் அக்கா வாதாடவே இல்லை. "எனக்குக் கேட்கவில்லைடா, ஆனால் உனக்குக் கேட்கிறது, பயமாகத்தானே இருக்கும்" என்றாள். தூக்கம் இல்லையே, அதற்காவது டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்டாள். தூக்கத்துக்கு என்றதால் போனேன். இப்போது பிரஸ்ஸில் வேலை பார்க்கிறேன், மாத்திரை தொடர்கிறது. நன்றாக இருக்கிறது என்று நானே நிறுத்தி இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்தேன். குரல் எப்போதாவது வரும், வந்தால் ரேடியோவைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பேன்.

முசிறி அண்ணன்:
எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அழுதார். டாக்டருக்குப் போன் செய்து துப்புவதையும் கலப்பதையும் சொல்லிவிட்டோம், நாளைக்கே வரச் சொன்னார், ஊசி பற்றியும் கேட்கப் போகிறேன். தம்பியிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்டேன். மூன்று நாளாகக் கண்ணே மூடவில்லை அண்ணா என்றான், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.