புதுப்பிப்பு: கைநழுவிய கான்டெஸா, அடுத்தது சிக்கினால் பார்க்க வேண்டியவை

வாங்க நினைத்து முந்தைய பதிவில் பேசிய பழைய ஹிந்துஸ்தான் கான்டெஸா கார் (1.8 ஜிஎல்எக்ஸ் மாடல்) வேறு கைக்குப் போய்விட்டது. "அடுத்தது வந்தால் எதைப் பார்க்கணும்?" என்று கேட்டவர்களுக்காக இது.

முதலில் ஆர்சி, அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழ். எஞ்சின் நம்பரையும் எரிபொருள் வகையையும் வண்டியோடு ஒப்பிடுங்கள். இந்த மாடலோடு வந்த இசுசு (ஜப்பானிய நிறுவனம்) பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் ஏற்றிய வண்டிகள் உண்டு. மாற்றம் ஆர்சியில் ஏறாவிட்டால், படிவம் 25 கொடுத்துப் பதிவைப் புதுப்பிக்கும்போது ஆர்டிஓவில் மாட்டிக்கொள்ளும். ஆர்சியில் பழைய கடன் பதிவு இருந்தால், கடன் முடிந்ததைக் காட்டும் படிவம் 35 வாங்காமல் அட்வான்ஸ் வேண்டாம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29 (இரண்டு பிரதி), படிவம் 30 இரண்டும் விற்பவர் கையெழுத்தோடு கையில் வந்த பிறகே மீதிப் பணம்.

அடுத்து துரு, பேரம் முடிவாவது இங்கேதான். கால்மிதியைத் தூக்கி, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தரைத்தகட்டைத் தட்டுங்கள். "டங்" என்று கேட்டால் நல்லது. "டொப்" என்றால் உள்ளே பட்டி (துருவை மறைக்கப் பூசும் பசை). டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியிலும், முன்கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகளிலும் விரல்விட்டுப் பாருங்கள். புது பெயின்ட் பளபளத்தால் இரட்டிப்பு சந்தேகம் வேண்டும்.

எஞ்சின் வேலையை நல்ல மெக்கானிக் முடித்துவிடுவார். உடைந்த டெயில் லேம்ப், தொலைந்த குரோம் பட்டைக்குத்தான் மாதக்கணக்கில் அலையணும். அவை முழுசாக இருக்கும் வண்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.